வியட்நாமின் ஊர்கள், மலைகள், தெருக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும் என்பதால், எந்த மாதம், எந்த நேரம், எங்கே சறுக்கும் என்பதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பத்து நாள் லீவு. நாடு முழுக்கப் பார்த்துவிடலாமா?

வேண்டாம். ஹனோயிலிருந்து சைகோன் வரை ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர். (ஹோ சி மின் நகரம் என்பது அரசுப் பெயர், ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் சைகோன்தான்.) வடக்கு, மத்தி, தெற்கு மூன்றையும் பத்து நாளில் அடைத்தால், பெட்டியைக் கட்டிப் பிரிப்பதிலேயே மூன்று நாள் போய்விடும். மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஹனோயில் மூன்று இரவு, நின் பின்னில் இரண்டு, அங்கிருந்து ஹனோய் திரும்பி டா நாங்குக்கு விமானம், மீதி நாள் ஹோய் ஆனும் ஹுவேயும். தெற்கு அடுத்த தடவைக்கு. ஒரு ஊரில் குறைந்தது இரண்டு விடிகாலையாவது கிடைக்கும்படி திட்டம் போடுங்கள். இந்த நாட்டுத் தெரு உயிரோடு இருப்பது காலை ஐந்தரை முதல் எட்டு வரையும், பிறகு சாயங்காலம் ஐந்துக்கு மேலும்தான்.

எந்த மாதம் போகலாம்?

"வியட்நாமுக்கு நல்ல சீசன்" என்று ஒன்று கிடையாது. மூன்று பகுதிக்கும் மூன்று வானிலை.

தெற்கு எளிது. மே முதல் நவம்பர் வரை மழை, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில். மழைக்காலத்திலும் பெரும்பாலும் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். அதற்காகப் பயணத்தையே தள்ளிப்போட வேண்டியதில்லை.

மத்தியப் பகுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அக்டோபர், நவம்பரில்தான் ஹுவே, டா நாங், ஹோய் ஆனில் அடைமழை. ஹோய் ஆன் பழைய ஊரில் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு ஏறி, ஜனங்கள் படகில் போவதும் அப்போதுதான். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை அங்கே பிரச்சினை இல்லை. ஜூனுக்கு மேல் வெயில்தான் வாட்டும். ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவே கடல்வரை நீண்டு நிற்கும் ஹாய் வான் கணவாய் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுத்துவிடுகிறது. ஹுவேயில் தூறல், மலைக்கு இந்தப் பக்கம் டா நாங்கில் வெயில் என்பது குளிர்காலத்தில் சகஜம்.

வடக்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல குளிர். ஹனோயில் 15 டிகிரிதான் என்றாலும் ஈரக்காற்றும் ஹீட்டர் இல்லாத அறையும் சேர்ந்தால் எலும்பு வரை போகும், ஸ்வெட்டர் கட்டாயம். பிப்ரவரி, மார்ச்சில் 'நோம்' என்று ஒரு காலம் வரும். காற்றின் ஈரம் தாளாமல் தரையும் சுவரும் வியர்க்கும், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஹனோய்க்கு எங்கள் தேர்வு அக்டோபர், நவம்பர்.

தெத் புத்தாண்டுக்குப் போனால் கொண்டாட்டமாக இருக்குமே?

வீட்டுக்குள் கொண்டாட்டம், தெருவில் ஊரடங்கு. சந்திரப் புத்தாண்டான தெத் 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. அதற்கு முந்தைய பத்து நாள் மிக அழகு: வடக்கில் பீச் மலர்க் கிளையையும் தெற்கில் மஞ்சள் 'மாய்' மலர்ச் செடியையும் பைக்கில் கட்டிக்கொண்டு ஊரே ஓடும். ஆனால் பஸ், ரயில், விமானம் எதிலும் இடம் இருக்காது. தெத் அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் சின்னக் கடைகள் திறக்காது. முன்னால் போய் வேடிக்கை பார்த்துவிட்டு, அந்த நாட்களில் ஒரே ஊரில் தங்கிவிடுவது உத்தமம்.

இ-விசாவில் எங்கே தவறு நடக்கிறது?

பெயரிலும் தேதியிலும். 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இ-விசா உண்டு. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி.விஎன்' என்று முடியும். அதே தோற்றத்தில் இரண்டு மடங்கு பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், கவனம்.

பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். பெயர் அந்த வரியில் உள்ளபடி அப்படியே இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுவது, குடும்பப் பெயர் இல்லை என்று நீங்களாக ஒன்றைச் சேர்ப்பது எல்லாம் விமான நிலைய கவுண்டரில் நிறுத்திவைக்கப்படக் காரணமாகும். விசா தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போய் இறங்கினாலும் உள்ளே விடமாட்டார்கள். நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானங்களில் தேதியை இரண்டு முறை பாருங்கள்.

மூன்று வேலைநாள் என்பது அரசுக் கணக்கு. இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுவிடுங்கள்.

பணத்தில் இத்தனை பூஜ்யமா? குழம்பாமல் இருப்பது எப்படி?

கடைசி மூன்று பூஜ்யத்தை ஊரே மறந்துவிட்டது. மெனுவில் '50' என்றோ '50 கே' என்றோ இருந்தால் 50,000 டாங். கடைக்காரர் விரல்விட்டுக் காட்டுவதும் அதே கணக்குதான்.

10,000 முதல் 5 லட்சம் வரையிலான தாள்கள் பிளாஸ்டிக். எல்லாவற்றிலும் முன்பக்கம் ஹோ சி மின் படம் என்பதால் முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. நிறமும் பின்பக்கப் படமும்தான் வழி. ஆபத்தான ஜோடி 20,000மும் 5 லட்சமும்: இரண்டும் நீலம். டாக்சியின் மங்கிய விளக்கில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கைமாறினால் இருபத்தைந்து மடங்கு நஷ்டம். 20,000 தாளின் பின்னால் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம். 5 லட்சத்தின் பின்னால் கிம் லியென் கிராமத்தில் உள்ள ஹோ சி மின்னின் வீடு. உயரம் ஒன்றுதான், நீளத்தில் 5 லட்சத் தாள் 16 மில்லிமீட்டர் கூடுதல். 10,000மும் 2 லட்சமும் பழுப்புச் சாயலில் இன்னொரு ஜோடி. 2 லட்சத்தின் பின்னால் ஹா லாங் விரிகுடா. 5 லட்சத் தாள்களை மட்டும் பர்ஸில் தனி அறையில் வைத்தால் பாதி கவலை தீர்ந்தது.

ஏடிஎம்மில் ஒரு தடவைக்கு 20 லட்சம், 30 லட்சம், 50 லட்சம் என்று வங்கிக்கு வங்கி உச்சவரம்பு மாறும். ஒவ்வொரு தடவையும் கட்டணம் உண்டு என்பதால் வரம்பு அதிகமுள்ள இயந்திரத்தைத் தேடுவது லாபம். "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் மோசம். கையில் கொண்டுபோகும் டாலர் புதுத் தாளாக இருக்கட்டும். மடிப்பு கிழிந்தது, பேனாக் கோடு விழுந்தது எல்லாம் திரும்பி வரும். ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்கும். அது உள்ளூர் வங்கிக் கணக்குக்கானது. தெருவில் உங்களுக்கு ரொக்கம்தான்.

முகவரியும் மாநிலப் பெயரும் பொருந்தவே மாட்டேன் என்கிறதே?

2025 ஜூலை 1 அன்று 63 மாகாணங்களை 34 ஆகச் சுருக்கி, மாவட்டம் என்ற நடு அடுக்கையே எடுத்துவிட்டார்கள். காகிதப்படி ஹோய் ஆன் இப்போது டா நாங் மாநகரத்துக்குள். ஹா ஜியாங், துயென் குவாங்கோடு சேர்ந்துவிட்டது. வூங் தாவ் கடற்கரை ஹோ சி மின் நகரத்தில். சைகோனின் 'முதலாம் மாவட்டம்' அரசுப் பதிவில் இல்லை. ஆனால் டாக்சி ஓட்டுநரும் ஹோட்டல்காரரும் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள், நீங்களும் சொல்லலாம். தெருப் பெயர், வீட்டு எண் இரண்டும் சரியாக இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: சாய்கோடு போட்ட எண். 45/12 என்றால், பெரிய தெருவில் 45ஆம் எண்ணை ஒட்டித் திரும்பும் சந்துக்குள் 12ஆம் வீடு. 45/12/3 என்றால் அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து. தெற்கில் சந்துக்கு 'ஹெம்', ஹுவே, டா நாங் பக்கம் 'கியெத்', ஹனோயில் 'ங்கோ'. கார் வாசல் வரை வராத தங்குமிடங்கள் இவற்றில்தான் இருக்கும். பெரிய பெட்டி இருந்தால் பதிவு செய்யும் முன் வரைபடத்தில் சந்தின் அகலத்தைப் பாருங்கள். ஹனோய் பழைய பகுதியில் இன்னொன்றும் உண்டு. முகப்பு மூன்று நான்கு மீட்டர், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளும் 'குழாய் வீடுகள்' அவை. நடுவில் மாட்டும் அறைக்கு ஜன்னலே இருக்காது. விலை குறைவாக இருந்தால் "ஜன்னல் உண்டா?" என்று முதலில் கேளுங்கள்.

அந்தப் பைக் வெள்ளத்தில் சாலையை எப்படிக் கடப்பது?

காலி இடத்துக்குக் காத்திருந்தால் இரவாகிவிடும். பஸ்ஸும் லாரியும் வராத நொடி பார்த்து இறங்கி, ஒரே சீரான மெதுநடையில் போய்க்கொண்டே இருங்கள். பைக்காரர்கள் உங்கள் வேகத்தைக் கணித்து முன்னாலோ பின்னாலோ ஒதுங்குவார்கள். நின்றாலோ, ஓடினாலோ, ஒரு அடி பின்வாங்கினாலோ அந்தக் கணக்கு உடைந்துவிடும். விபத்து அங்கேதான் நடக்கிறது. கார்கள் இப்படி ஒதுங்காது, அவற்றுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். ஒருவழிச் சாலையிலும் இரண்டு பக்கமும் பாருங்கள், எதிர்த் திசையில் ஓரமாக ஒருவர் வந்துகொண்டிருப்பார். நடைபாதையில் நடக்கலாமே என்றால், அதில் பாதி பைக் நிறுத்துமிடம், மீதி சமையலறை.

ரயிலா, பஸ்ஸா, விமானமா?

ஹனோய் - சைகோன் மொத்தத்துக்கும் விமானம்தான்: இரண்டு மணி நேரம் சொச்சம். ரயிலில் 30 மணி நேரத்துக்கும் மேல். அதை முழுக்க உட்கார்ந்து போவது ரயில் பைத்தியங்களுக்கு மட்டும்.

ஆனால் ஹுவே - டா நாங் துண்டை ரயிலில் தவறவிடாதீர்கள். 103 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் போல. பாதி வழியில் பாதை மலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலாகவே வளைந்து வளைந்து போகும், ஜன்னலுக்குக் கீழே ஆள் இல்லாத மணல் திட்டுகள் வந்து மறையும். தெற்கு நோக்கிப் போனால் கடல் இடப்பக்கம். மென் இருக்கை எடுத்தால் போதும். அதே மலையைச் சாலையில் கடந்தால் 496 மீட்டர் உயரக் கணவாய். கார்களும் பஸ்களும் 2005இல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்துவிடும், ஒன்றும் தெரியாது.

இரவு ரயிலில் நான்கு படுக்கை அறை 'மென் படுக்கை', ஆறு படுக்கை அறை 'கடினப் படுக்கை'. ஆறில் மேல்தட்டு மிக மலிவு. அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது.

படுக்கை பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். இருக்கை சராசரி உயரத்துக்கு அளவெடுத்தது. ஆறடி ஆள் முழங்காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். ஹனோயிலிருந்து வடக்கு மலை ஊரான சா பாவுக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஒரு சிக்கல்: பயணம் ஐந்தாறு மணி நேரம்தான், எனவே விடியாத மூன்று, நான்கு மணிக்குக் குளிரில் இறக்கிவிடும். பகல் பஸ் எடுத்தால் தூக்கமும் மிச்சம், வழியில் மலையும் தெரியும்.

ஊருக்குள் சுற்ற?

டாக்சி அழைக்கும் கிராப் செயலி. பைக் சவாரியும் அதிலேயே உண்டு. பைக் டாக்சிக்கு உள்ளூர்ப் பெயர் 'செ ஓம்', அதாவது கட்டிப்பிடி வண்டி. பின்னால் உட்கார்ந்து கட்டிப்பிடிக்கத் தேவையில்லை, கம்பியைப் பிடித்தால் போதும். சான் எஸ்எம் என்ற மின்சார டாக்சியும் பெரிய ஊர்களில் நன்றாக ஓடுகிறது. ஹனோய் விமான நிலையத்திலிருந்து பழைய பகுதிக்கு 86ஆம் எண் ஆரஞ்சு நிற பஸ் இருக்கிறது. சைகோன் முதல் மெட்ரோ 2024 டிசம்பர் 22 முதல் பென் தானிலிருந்து சுவோய் தியென் வரை 14 நிலையங்களோடு ஓடுகிறது. சுற்றுலா இடங்களுக்கு உபயோகம் குறைவு, ஆனால் மேலிருந்து ஊரைப் பார்க்க மலிவான வழி.

வாடகை பைக் ஓட்டலாமா?

50 சிசிக்கு மேல் என்றால் உரிமம் வேண்டும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத்தான் வியட்நாம் ஏற்கிறது. இந்தியாவில் தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. அது அங்கே செல்லாது. கடைக்காரர் இதைக் கேட்காமலே சாவியைக் கொடுப்பார், போலீஸ் பிடித்தால் அபராதம். அதைவிடப் பெரிய இடி, விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். 2025 ஜனவரி முதல் அபராதங்களும் எகிறிவிட்டன: சிவப்பு விளக்கைத் தாண்டினால் பைக்குக்கு 40 முதல் 60 லட்சம் டாங். குடித்துவிட்டு ஓட்டுவதில் அளவெல்லாம் கிடையாது, ஒரு சொட்டும் குற்றம்தான்.

ஹா ஜியாங் மலைச்சுற்றைப் பார்க்காமல் விட மனமில்லை என்றால், உள்ளூர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாட்டை எடுங்கள். சுமார் 350 கிலோமீட்டர், மூன்று நாள். மா பி லெங் கணவாயில் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கண் வேண்டும். ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை மட்டும் எந்தப் பைக் கடையிலும் அடமானமாக விடாதீர்கள், பணம் கட்டுங்கள்.

ஹனோய் பழைய பகுதியில் என்ன பார்ப்பது? எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கிறதே.

பகல் பதினொரு மணிக்குப் போனால் அப்படித்தான் தெரியும். தெருப் பெயரிலிருந்து தொடங்குங்கள். 'ஹாங்' என்றால் சரக்கு. ஹாங் பாக் வெள்ளித் தெரு, ஹாங் தியெக் தகரத் தெரு, ஹாங் மா இறந்தவர்களுக்கு எரிக்கும் காகிதப் பொருள்களின் தெரு. பல தெருக்களில் பெயர் மிஞ்சி, சரக்கு மாறிவிட்டது. தகரத் தெருவில் மட்டும் நடைபாதையில் உட்கார்ந்து இன்றும் தகடு தட்டுகிறார்கள். சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடிக்கலாம். லான் ஓங் தெரு மூலிகைக்கு, மூக்கே சொல்லிவிடும். காகிதத் தெருவில் காகித ஐபோன், காகித பைக், காகித டாலர் கட்டுகள் என்று மேலுலகத்துக்கு வேண்டிய எல்லாம் தொங்கும்.

நேரக் கணக்கு இப்படி: விடிகாலை நான்கு மணிக்கு மேற்கு ஏரி அருகே குவாங் ஆன் பூச்சந்தை, மொத்த வியாபாரம். ஐந்தரைக்கு ஹோவான் கியெம் ஏரிக்கரையில் உடற்பயிற்சியும் நடனமும். ஆறு முதல் எட்டு வரை ஃபோ நூடுல்ஸ் கடைகள். நல்ல கடையில் ஒன்பதுக்குக் குழம்புச்சட்டி காலி. பன்னிரண்டுக்கு பூன் சா (சுட்ட பன்றி இறைச்சியும் அரிசி நூடுல்ஸும்) கடைகளின் கரிப்புகை. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை ஊர் தூங்கும், கடைக்காரரே கட்டில் போட்டுப் படுத்திருப்பார், எழுப்பாதீர்கள். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை ஏரியைச் சுற்றி வண்டிகளுக்குத் தடை, குழந்தைகள் சாலையை எடுத்துக்கொள்வார்கள்.

நடுவில் கால் வலித்தால், முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலி போட்ட 'சா டா' கடை. ஐஸ் போட்ட வெறுந்தேநீர், சில ஆயிரம் டாங். பெரிய உணவகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தெரிவதைவிட இங்கே கால் மணி நேரத்தில் தெருவைப் பற்றி அதிகம் தெரியும்.

ரயில் தெருவுக்குப் போகலாமா?

வீட்டு வாசலை உரசிக்கொண்டு ரயில் போகும் அந்தத் தெருவைப் போலீஸ் அவ்வப்போது தடுப்பு வைத்து மூடுகிறது. கூட்டம் பிடிக்காவிட்டால் 1902இல் கட்டி முடித்த லாங் பியென் பாலத்துக்குப் போங்கள். நடுவில் ரயில், இரண்டு பக்கமும் பைக், ஓரத்தில் நடைபாதை, கீழே செந்நதியின் நடுத்திட்டில் வாழைத்தோட்டம். மாலை ஐந்து மணிக்குப் போக வேண்டிய இடம்.

சைகோனில்?

கட்டடங்களைவிட ஹெம்கள். பெரிய சாலையின் இரைச்சலிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் இருபது அடியில் சத்தம் அடங்கி, ஒரு வீட்டில் முடி வெட்டுகிறார்கள், அடுத்த வாசலில் கொம் தாம் (உடைத்த அரிசிச் சோறு) கடை, அதற்கடுத்து கோழி. நடக்கும்போது போனைச் சாலைப் பக்கக் கையில் பிடிக்காதீர்கள். பைக்கில் வந்து பறிப்பது இந்த ஊரின் பழைய வியாதி. வரைபடம் பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் ஏறி நின்று பாருங்கள்.

மத்தியத் தபால் நிலையம் (1891) உள்ளே போய்ப் பார்க்கத் தகுந்தது. அருகில் உள்ள செங்கல் தேவாலயம் 2017 முதல் பழுதுபார்ப்புச் சாரங்களுக்குள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் தாக்குப்பிடிக்க முடியுமா?

தாராளமாக, ஒரு சொல் தெரிந்தால்: 'சாய்'. பலகையில் அந்தச் சொல் இருந்தால் பௌத்த சைவ உணவகம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியும் ஊரில் பாதிப்பேர் சைவம் என்பதால், அந்த நாட்களில் சாதாரணக் கடையிலும் கிடைக்கும். தட்டில் இறால், கோழி மாதிரி தெரிவது சோயாவும் கோதுமைப் பசையும், பதற வேண்டாம்.

சாய் கடைக்கு வெளியேதான் வழுக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டு எலும்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். அவர்கள் கணக்கில் சொன்னதைச் செய்துவிட்டார்கள். கீரை வதக்கலில் 'தாவ் ஹாவ்' என்ற சிப்பிச் சாறு, தொட்டுக்கொள்ள 'நுவொக் மாம்' என்ற மீன்சாறு. முட்டை போட்ட பான் மி (வியட்நாமிய சாண்ட்விச்) கேட்டாலும் ரொட்டியின் உட்புறம் ஈரல் விழுது தடவியிருக்கும். எனவே "தோய் ஆன் சாய்" (நான் சைவம்) என்பதோடு மீன்சாறு, எலும்புக் குழம்பு, ஈரல் விழுது, சிப்பிச் சாறு நான்கும் வேண்டாம் என்று வியட்நாமிய மொழியில் எழுதிப் போனில் வைத்துக் காட்டுங்கள். உச்சரிப்பில் ஆறு சுரங்கள் இருக்கிற மொழி. வாயை நம்புவதைவிடத் திரையை நம்பலாம்.

காலையில் அவசரத்துக்கு 'சோய்', அதாவது ஒட்டரிசிச் சோறு. பச்சைப்பயறு போட்டதைக் கேட்டு, மேலே தூவும் உலர்ந்த இறைச்சித் தூளை வேண்டாம் என்று கையைக் காட்டுங்கள்.

கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது?

தமிழருக்கு இது வெல்லம். அங்கேயும் முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும்: அண்ணன் வயதுக்கு 'ஆன்', அக்கா வயதுக்கு 'சி', சித்தப்பா மாதிரி இருந்தால் 'சூ', அத்தை மாதிரி இருந்தால் 'கோ', தம்பி தங்கை வயதுக்கு 'எம்'. பின்னால் 'ஒய்' சேர்த்தால் கூப்பிடுவது ஆயிற்று. "எம் ஒய்!" என்று கடையில் சத்தமாக அழைப்பது மரியாதைக் குறைவு இல்லை, கூப்பிடாவிட்டால் யாரும் வரமாட்டார்கள், தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிடுவார்கள். பில்லுக்கு "தின் தியென்".

பேரம் பேசலாமா?

துணி, நினைவுப்பொருள், சந்தையில் விலை எழுதாத பொருள்: பேசலாம். சாப்பாட்டுக்குப் பேசக் கூடாது, உட்காரும் முன் விலை கேட்டுக்கொள்ளலாம். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் எல்லாவற்றையும் புரட்டி, விலையைக் குறைத்து, வாங்காமல் நகராதீர்கள். முதல் போணி எப்படியோ அன்றைய வியாபாரமும் அப்படி என்ற நம்பிக்கை அங்கே கெட்டி. நீங்கள் போன பிறகு ஒரு காகிதத்தைக் கொளுத்தி, வந்த பீடையைக் கழிப்பார்கள். வெறுமனே பார்ப்பதென்றால் பத்து மணிக்கு மேல் போங்கள்.

ஹா லாங்கா, லான் ஹாவா, நின் பின்னா?

சுண்ணாம்புக்கல் மலை மூன்றிலும் ஒன்றுதான். ஹா லாங் 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கப்பல்களும் அதற்கேற்ற கூட்டம். பக்கத்தில் கத் பா தீவை ஒட்டிய லான் ஹா விரிகுடா அதே காட்சி, குறைந்த நெரிசல். ஹனோயிலிருந்து ஒரே நாளில் போய்வந்தால் ஐந்து மணி நேரம் சாலையில் போகும், ஒரு இரவு கப்பலில் தங்குங்கள். 'இரண்டு நாள்' என்று விற்பது உண்மையில் நண்பகல் ஏறி மறுநாள் பத்தரைக்கு இறங்குவது. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுகம் படகுகளை நிறுத்திவிடும். அன்று பணம் திரும்புமா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

நேரமோ பணமோ குறைவென்றால் நின் பின். ரயிலில் இரண்டேகால் மணி நேரம். தாம் கோக்கில் படகோட்டிகள் காலால் துடுப்பு வலிப்பார்கள். மே கடைசியில் ஆற்றின் இரு கரையும் பொன்னிற நெல், அறுவடை தொடங்கிவிட்டால் வெறும் அடிக்கட்டை. சாங் ஆனில் குகைகள் அதிகம், நெல் இல்லை. மூன்று வழித்தடங்களில் ஒன்றை நுழைவிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும், மூன்று மணி நேரம் ஆகும். காலை எட்டுக்கு முன் போய்விடுங்கள், ஹனோய் பஸ்கள் பத்துக்கு மேல்தான் வந்து இறங்கும்.

படி வயல்கள் எப்போது?

மே, ஜூனில் தண்ணீர் பாய்ச்சும்போது கண்ணாடி மாதிரி, செப்டம்பரில் மஞ்சள். சா பாவில் அறுவடை முதலில், மு காங் சாயில் செப்டம்பர் கடைசி வரை நிற்கும். டிசம்பரில் போனால் சேறும் பனிமூட்டமும்தான்.

ஹோய் ஆனுக்கு எத்தனை நாள்?

இரண்டு இரவு, தையல்காரரிடம் துணி கொடுப்பதென்றால் மூன்று. 24 மணி நேரத்தில் சூட் தைத்துத் தருவார்கள், ஆனால் முதல் தடவை தோள் பொருந்தாது. இரண்டு முறை போட்டுப் பார்க்க நேரம் வைத்தால்தான் காசுக்கு மதிப்பு. பழைய ஊரின் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டமில்லாமல் பார்க்க இரவு ஒன்பதரைக்கு மேல், அல்லது விளக்கே இல்லாத காலை ஆறு மணி. சந்திர மாதம் பதினான்காம் நாள் இரவு மின்விளக்கைக் குறைத்து லாந்தர் ஏற்றுவார்கள். அன்று கூட்டமும் இரட்டிப்பு.

அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் மி சன்: சம்பா அரசர்கள் 4 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கட்டிய செங்கல் சிவன் கோவில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் விழுந்தது. குண்டுக் குழிகள் புல் மூடி இன்றும் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை இங்கே சீரமைப்பு செய்தபோது, 2020இல் ஒரே கல்லில் செதுக்கிய லிங்கம் வெளிப்பட்டது. பள்ளத்தாக்கு என்பதால் பத்து மணிக்கே அடுப்பு. ஏழுக்கு வாசலில் இருங்கள். சிற்பங்களில் சிறந்தவை டா நாங்கில் சாம் (சம்பா மக்கள்) அருங்காட்சியகத்தில், அதை முதலில் பார்த்தால் மி சன் புரியும்.

சைகோனில் தமிழர் கோவில் இருக்கிறதாமே?

இருக்கிறது. பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் சுவோங் டின் தெரு 45ஆம் எண்ணில் மாரியம்மன் கோவில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வட்டித்தொழிலுக்குப் போன தமிழர்கள் கட்டியது. இன்று கும்பிட வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர். ஊதுபத்திக் கட்டோடு வந்து கருவறைச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வார்கள். தோன் தாத் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோவிலும் உண்டு.

மிதக்கும் சந்தை இன்னும் இருக்கிறதா?

மீகாங் டெல்டாவில் கான் தோ அருகே காய் ராங் இருக்கிறது, ஆனால் சுருங்கிக்கொண்டே போகிறது. சாலையும் பாலமும் வந்தபின் படகின் வேலையை லாரி எடுத்துக்கொண்டது. சைகோனிலிருந்து ஒருநாள் சுற்றுலாவில் போனால் சந்தை முடிந்தபின்தான் சேர்வீர்கள். முந்தைய இரவே கான் தோவில் தங்கி, ஐந்து மணிக்குப் படித்துறையில் படகு பிடித்து, ஆறு மணிக்கு நடுவில் இருக்க வேண்டும்.

படகுகளின் முன்னால் நடும் மூங்கில் கழியைக் கவனியுங்கள். விற்கும் சரக்கில் ஒன்றை அதில் கட்டித் தொங்கவிடுவார்கள்: அன்னாசி என்றால் அன்னாசி, பூசணி என்றால் பூசணி. தொங்கினாலும் விற்காதது ஒன்று உண்டு, காயப்போட்ட துணி. ஓலை தொங்கினால்? படகே விற்பனைக்கு.

வேறு என்னென்ன ஏமாற்று?

கேட்காமல் உங்கள் செருப்பில் பசை தடவிவிட்டுப் பணம் கேட்பவர். தோள்கூடையை உங்கள் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லி வாழைப்பழத்தை நாலு மடங்குக்கு விற்பவர். விமான நிலைய வாசலில் "நான்தான் கிராப்" என்று போனைக் காட்டுபவர் (செயலியில் உள்ள வண்டி எண்ணைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்). உணவக மேசையில் வைக்கும் ஈரத்துணிப் பொட்டலமும் வேர்க்கடலையும் இலவசமில்லை. பிரிக்காவிட்டால் பில்லில் வராது. இது ஏமாற்று இல்லை, வழக்கம்.

தண்ணீர், ஐஸ்?

குழாய்த் தண்ணீர் வேண்டாம். நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, அதைப் போட்டுக் குடிக்கலாம். உடைத்த பாளம் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

வேப் கொண்டுபோகலாமா?

கூடாது. 2025 முதல் மின்சிகரெட் முழுக்கத் தடை.

சிம், அவசர எண்?

மலைப்பக்கம் போவதென்றால் வியெத்தெல் நிறுவனத்தின் சிம். பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். போலீஸ் 113, தீயணைப்பு 114, ஆம்புலன்ஸ் 115. எதிர்முனையில் ஆங்கிலம் கிடைப்பது அரிது. பக்கத்தில் இருக்கிற ஒரு 'சி'யிடமோ 'ஆன்'னிடமோ போனைக் கொடுத்துவிடுவதே வேகமான வழி.